எக்ஸ்-மிலிட்டரி சித்தப்பா எம்எல்ஏ எலெக்‌ஷன்ல நிக்கறேங்கறாரு, பென்ஷன் போகுமா? போஸ்டர்ல யூனிஃபார்ம் போடலாமா?

அணைக்கட்டு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தொகுதி. எங்க சித்தப்பா பெங்களூர் எம்இஜில (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், ராணுவப் பிரிவு) 28 வருஷம் இருந்து சுபேதாரா ரிட்டயர் ஆனவரு, இப்ப ஒரு அரசு பேங்க்ல துப்பாக்கியோட நிக்கிற கார்டு வேலை பாக்கறாரு. ரெண்டு மாசமா ஒரே பேச்சு, அடுத்த சட்டமன்றத் தேர்தல்ல சுயேச்சையா நிக்கப்போறேன்னு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரிக்கு போன ஊருங்க நிறைய இருக்கறது உங்களுக்கே தெரியும், அந்த ஓட்டெல்லாம் அப்படியே எனக்குத்தான் விழும்ங்கறது அவரு கணக்கு. சித்தி ஒரு பக்கம் பென்ஷன் போயிடும் வேண்டாம்னு அழுவுது, தெருவுல நாலு பேரு சுபேதார் சாப் நில்லுங்க நாங்க இருக்கோம்னு ஏத்தி விடுறாங்க. யூனிஃபார்ம்ல மெடலோட எடுத்த பழைய போட்டோவை ஃப்ளெக்ஸ்ல போடறதுக்கு டிசைன் கூட ரெடி பண்ணிட்டாரு மனுஷன்.

எனக்கு தெரிய வேண்டியது இதான். நின்னா பென்ஷன், ஈசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்), கேன்டீன் கார்டு இதுக்கெல்லாம் ஏதாவது ஆகுமா? அந்த போட்டோ போடலாமா? எவ்வளவு பணம் இருந்தா தாங்கும்? நிஜமாவே ஓட்டு விழுமா இல்ல டெபாசிட் போயிடுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, கிண்டல் பண்றவங்க தாராளமா பண்ணுங்க ஆனா கூடவே விவரமும் சொல்லுங்க.

ரிட்டயர்டு_நாயக்:
தம்பி, முதல்ல சித்திகிட்ட சொல்லு பென்ஷன் எங்கயும் போகாதுன்னு. அது உழைச்சதுக்கு வர்றது, எலெக்‌ஷன்ல நின்னாலும் வரும், ஜெயிச்சு எம்எல்ஏ ஆனாலும் அந்த சம்பளம் தனி இது தனி. ஈசிஹெச்எஸ், கேன்டீன் கார்டு எல்லாம் அப்படியேதான் இருக்கும். நவம்பர்ல ஸ்பார்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் வெப்சைட்ல லைஃப் சர்டிபிகேட் போடாம விட்டாத்தான் பென்ஷன் நிக்கும், அந்த தேதியை பிரச்சார பரபரப்புல மறந்துடாம இருந்தா போதும்.

சர்வீஸ்ல இருக்கும்போதுதான் அரசியல் பக்கமே தலை வைக்கக்கூடாது, ஆர்மி ரூல்ஸ் 1954ல அது தெளிவா இருக்கு, கட்சி கூட்டத்துக்கு போறதுக்கே தடை. பேப்பர் வாங்கிட்டு வெளில வந்தாச்சுன்னா சாதாரண குடிமகன்தான், மறுநாளே கட்சில சேரலாம், நிக்கலாம். ஏர் சீஃப் மார்ஷல் பதௌரியா 2021ல ரிட்டயர் ஆனாரு, 2024 மார்ச்ல பிஜேபில சேர்ந்தாரு. ராணுவத் தலைமைத் தளபதியா இருந்த வி.கே.சிங் 2012 மே மாசம் ரிட்டயர், 2014ல காசியாபாத் எம்பி. அவங்களுக்கு உள்ள உரிமை சுபேதாருக்கும் உண்டு.

ஆனா ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஊர்ல எலெக்‌ஷன்னதும் மிலிட்டரி வீட்டு வாசல்ல வந்து நிக்கிற கூட்டம் எதுக்கு வருதுன்னு உனக்கு தெரியும். மிலிட்டரி கேன்டீன்ல கிடைக்கற கோட்டா ரம்முக்கு. வேட்பாளர் கையால ஒரு பாட்டில் கைமாறினா அது லஞ்சம், கேஸ் போடுவான், அதோட கேன்டீன் சரக்கை வெளி ஆளுக்கு குடுத்ததுக்கு கார்டும் போகும். எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அந்த கார்டை சித்திகிட்ட குடுத்து பீரோல வச்சு பூட்டச் சொல்லு.

கோர்ட்_வாசல்:
நான் வக்கீல், ரெண்டு எலெக்‌ஷன்ல வேட்புமனு வேலை பாத்திருக்கேன். நாயக் சார் பென்ஷன் பத்தி சொன்னது சரி. எனக்கு கவலை அந்த பேங்க் வேலைதான், அதை நீங்க பாதி வரில சொல்லிட்டு தாண்டிட்டீங்க.

அரசியலமைப்புல 191வது பிரிவு இருக்கு, அரசாங்கத்துக்கு கீழ ஆதாயம் தரும் பதவில இருக்கறவர் எம்எல்ஏவா இருக்க முடியாது. பென்ஷன் அதுல வராது. பேங்க் வேலை வருமா வராதான்னு ரெண்டு பக்கமும் வாதாடலாம், ஆனா பரிசீலனை அன்னைக்கு எதிர் வேட்பாளரோட வக்கீல் எழுந்து ஆட்சேபம் போட்டா தேர்தல் அலுவலர் முன்னாடி அரை மணி நேரத்துல நீங்க பதில் சொல்லணும், யாருக்கு வேணும் அந்த தலைவலி? போதாததுக்கு பேங்கோட சர்வீஸ் ரூலும் இருக்கு. அதனால நிக்கறதுன்னா வேலையை விட்டுட்டு நிக்கணும். ராஜினாமா லெட்டர் குடுத்தா மட்டும் போதாது, ஏத்துக்கிட்டோம்னு பேங்க் எழுத்துல குடுத்த பேப்பர் கைல இருக்கணும், மனு தாக்கலுக்கு முன்னாடியே.

அப்புறம் அந்த துப்பாக்கி. எலெக்‌ஷன் அறிவிச்சதும் லைசென்ஸ் வச்சிருக்கறவங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்லுவாங்க. பேங்க் பாதுகாப்புல இருக்கறவங்களுக்கு வழக்கமா விலக்கு குடுப்பாங்க, வேலையை விட்டுட்டா அந்த விலக்கு ஏது? போலீஸ் வீட்டுக்கு வந்து கேக்கறதுக்கு முன்னாடி அவரே போய் ஒப்படைச்சு ரசீது வாங்கிடறது நல்லது. துப்பாக்கியோட வேட்பாளர்னு ஒரு வீடியோ போதும், முடிச்சிருவாங்க.

போட்டோ விஷயம். 2019ல பாலகோட் நேரத்துல அபிநந்தன் படத்தை ஹோர்டிங்ல போட்டு ஓட்டு கேட்டாங்க இல்ல, அப்ப தேர்தல் ஆணையம் மார்ச் மாசம் எல்லா கட்சிக்கும் கடிதம் போட்டுச்சு, ராணுவத்தினர் படத்தை பிரச்சாரத்துல பயன்படுத்தாதீங்கன்னு. 2013லயே இதே மாதிரி ஒண்ணு போட்டிருந்தாங்க, அதைத்தான் திரும்ப ஞாபகப்படுத்தினாங்க. என் சொந்த போட்டோ, நான்தான் அந்த சிப்பாய்னு சித்தப்பா வாதாடலாம். வாதாடி ஜெயிக்கறதுக்குள்ள ஃப்ளெக்ஸை கழட்டி எடுத்துட்டு போயிருப்பான் பறக்கும் படைக்காரன், அடிச்ச காசும் செலவு கணக்குல ஏறியிருக்கும். வெள்ளை சட்டை போட்டு போட்டோ எடுத்து, கீழ முன்னாள் ராணுவ வீரர்னு எழுதுங்க, அதை யாரும் கேக்க முடியாது. இன்னொண்ணு, ஓட்டு மெஷின்ல ஒட்டற பேலட் தாள்ல வேட்பாளர் போட்டோ வரும் இல்லையா, அதுக்கு குடுக்கற போட்டோல யூனிஃபார்ம் கூடவே கூடாதுன்னு ஆணையமே சொல்லியிருக்கு, தொப்பி கருப்புக் கண்ணாடியும் கூடாது, மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். அதனால பழைய மெடல் போட்டோவை வீட்டு ஹால்லயே மாட்டி வைங்க.

பாட்டியாலா_ரசிகன்:
ஓட்டு விழுமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நான் ஒரு கதை சொல்றேன், நடந்த கதை.

2017 பஞ்சாப் சட்டமன்றத் தேர்தல், பாட்டியாலா நகர் தொகுதி. ஒரு பக்கம் ஜெனரல் ஜே.ஜே.சிங், இந்திய ராணுவத்தோட முன்னாள் தலைமைத் தளபதி, 1964ல மராத்தா லைட் இன்ஃபன்ட்ரில சேர்ந்து 2007ல ரிட்டயர், 43 வருஷ சர்வீஸ், அதுக்கப்புறம் அருணாசல பிரதேச கவர்னர் வேற. அகாலிதளம் டிக்கெட்ல நின்னாரு. எதிர்ல கேப்டன் அமரீந்தர் சிங், சீக் ரெஜிமென்ட்ல 63ல சேர்ந்து 65ல பேப்பர் போட்டு சண்டை வந்ததும் திரும்பிப் போய் சண்டை முடிஞ்சு 66ல வெளில வந்தவரு, மொத்தமே மூணு வருஷம் சொச்சம். மிலிட்டரி கணக்குல பாத்தா ஜெனரல் முன்னாடி கேப்டன் சல்யூட் அடிச்சுட்டு நிக்கணும். ரிசல்ட் என்ன? கேப்டன் 52 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சு சிஎம் ஆனாரு, ஜெனரல் மூணாவது இடம், 11 ஆயிரத்து சொச்சம் ஓட்டு, டெபாசிட் காலி. ரெண்டாவது வந்தவரு ஒரு டாக்டர், ஆம் ஆத்மி!

இவ்வளவுக்கும் பஞ்சாப்ல நம்ம ஊரை விட மிலிட்டரி குடும்பம் பல மடங்கு. கேப்டனுக்கு விழுந்தது கேப்டன்ங்கற பட்டத்துக்கு விழுந்த ஓட்டு இல்லீங்க, அவரு பாட்டியாலா ராஜா வீட்டு ஆளு, அந்த ஊர்ல பல தடவை ஜெயிச்சவரு, காங்கிரஸ் மெஷின் மொத்தமும் பின்னாடி. அந்த கேப்டனே 2022ல தனிக்கட்சி ஆரம்பிச்சு அதே தொகுதில நின்னு தோத்தாரு, அப்பவும் அவரு கேப்டன்தான், ராஜாதான்.

நம்ம ஊர்ல கேப்டன்னா விஜயகாந்த், அவரு ஒரு நாள் கூட மிலிட்டரில இல்ல, ரெண்டு தடவை எம்எல்ஏ, எதிர்க்கட்சித் தலைவர். இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மலைக்காட்டு_மருமகன்:
மேல சொன்னதுக்கு சேர்த்து ஒண்ணு. எனக்கு மனைவி வீடு உத்தராகண்ட்ல டேராடூன் பக்கம், அங்க தெருவுக்கு பாதி வீடு ஃபௌஜி வீடு, அதாவது மிலிட்டரி வீடு. 2022ல ஆம் ஆத்மி அங்க கர்னல் அஜய் கோத்தியாலை சிஎம் வேட்பாளரா அறிவிச்சாங்க. கீர்த்தி சக்ரா வீர விருது வாங்கினவரு, 2013 வெள்ளத்துக்கு அப்புறம் கேதார்நாத்தை திரும்ப கட்டின வேலைய முன்ன நின்னு நடத்தினவரு, மலைப் பசங்களுக்கு ஆர்மில சேர ட்ரெய்னிங் குடுத்தவரு. இதை விட நல்ல பேரு ஒருத்தருக்கு இருக்க முடியுமா? கங்கோத்ரி தொகுதில மூணாவது, டெபாசிட் போச்சு. அதுக்கு முன்னாடி 2012ல மேஜர் ஜெனரல் கண்டூரி சிஎம்மா இருக்கும்போதே கோட்துவார்ல தோத்தாரு, அவரு பேரை வச்சுத்தான் கட்சியே ஓட்டு கேட்டுச்சு.

ஆனா அதே ஊர்ல கணேஷ் ஜோஷின்னு ஒருத்தர் இருக்காரு, கர்வால் ரைஃபிள்ஸ்ல சாதாரண சிப்பாயா இருந்து சீக்கிரமே வெளில வந்தவரு, மசூரி எம்எல்ஏ, முன்னாள் படைவீரர்களோட நலத்துறைக்கு அமைச்சரா ஆனவரு. அவரு மிலிட்டரில இருந்ததை விட கட்சில கொடி கட்டின வருஷம் அதிகம். என் மாமனாரு ரிட்டயர்டு ஹவில்தார், கோத்தியாலை பத்தி பேசினா கண்ணு கலங்கும், ஓட்டு யாருக்கு போட்டீங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடுவாரு.

அணைக்கட்டு_பையன்:
எல்லாருக்கும் நன்றி, பேங்க் விஷயம் எனக்கு தோணவே இல்ல. சித்தப்பாகிட்ட மொத்தத்தையும் படிச்சு காட்டினேன். ஜெனரல் கதைய கேட்டுட்டு, அவரு ஆபீஸரு, ஜவான்களோட கலந்து பழகியிருக்க மாட்டாரு, நான் ஜவான்லருந்து வந்தவன்னு ஒரே அடியா அடிச்சாரு. அந்த பிஎஸ்எஃப்ல பருப்பு தண்ணியா இருக்குன்னு வீடியோ போட்ட பையன் மோடியை எதிர்த்தே நின்னானே, எனக்கென்ன பயம்ங்கறாரு. பணம் எவ்வளவு ஆகும்னு யாரும் சொல்லலியே?

கோர்ட்_வாசல்:
அந்த உதாரணத்தை சித்தப்பா எடுக்காம இருக்கறது நல்லது, அந்த பையன் நிக்கவே இல்ல. தேஜ் பகதூர் யாதவ், 2017ல வீடியோ போட்டாரு, அதே வருஷம் வேலையிலிருந்து நீக்கிட்டாங்க. 2019ல வாரணாசில மனு போட்டாரு, தள்ளுபடி. காரணம், அரசு வேலையிலிருந்து டிஸ்மிஸ் ஆகி அஞ்சு வருஷம் ஆகாதவங்க, ஊழலுக்காகவோ தேசவிரோதத்துக்காகவோ நீக்கப்படலன்னு தேர்தல் ஆணையத்துகிட்ட சர்டிபிகேட் வாங்கி மனுவோட வைக்கணும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33(3). அது இல்ல. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 2020 நவம்பர்ல அங்கயும் தள்ளுபடி. உங்க சித்தப்பா முறையா ரிட்டயர் ஆனவரு, அவருக்கு இந்த சர்டிபிகேட் தேவையில்ல, ஆனா டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் (பென்ஷன் உத்தரவு) அன்னைக்கு கையோட வச்சுக்க சொல்லுங்க, யாராவது வாயை திறந்தா காட்டிடலாம்.

பணத்துக்கு வரேன். டெபாசிட் 10 ஆயிரம், எஸ்சி எஸ்டின்னா 5 ஆயிரம். சில்லறையா மூட்டைல கட்டி எடுத்துட்டு போய் டிவில வர்ற ஆசை இருந்தா இப்பவே சொல்லிடுங்க, எண்ணி முடிக்கறதுக்குள்ள மூணு மணி ஆயிடும், மூணு மணிக்கு மேல மனு வாங்க மாட்டாங்க. பதிவான செல்லுபடி ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வந்தாத்தான் அந்த காசு திரும்பும், தொகுதில ஒரு லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு விழுதுன்னு வச்சா 30 ஆயிரத்துக்கு மேல வேணும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழியணும், அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒருத்தர் போதும். 10 பேருக்கு 12 பேரா வச்சுக்கிட்டு வேற வேற மனுல கையெழுத்து வாங்குங்க, கடைசி நேரத்துல ஒருத்தரை கூட்டிட்டு போய் இது என் கையெழுத்தே இல்லன்னு சொல்ல வைக்கறதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காத விஷயமா. ஃபார்ம் 26 அபிடவிட்ல சொத்து, கடன், கேஸ், வருமான வரி எல்லாம் எழுதணும், ஒரு கட்டத்தையும் காலியா விடக்கூடாது, இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. மனு குடுத்ததும் உறுதிமொழி எடுக்கணும், அதை மறந்துட்டு வீட்டுக்கு வந்து பரிசீலனைல போனவங்க உண்டு.

செலவு உச்சவரம்பு 40 லட்சம், 2022ல இருந்து. அது உச்சவரம்பு மட்டும்தான், அவ்வளவு செலவு பண்ணணும்னு இல்ல. தனி பேங்க் அக்கவுண்ட் திறந்து அதுலருந்துதான் செலவு பண்ணணும். ரிசல்ட் வந்து 30 நாளைக்குள்ள கணக்கு குடுக்கணும், தோத்தவங்களும்தான். குடுக்கலன்னா மூணு வருஷம் எங்கயும் நிக்க முடியாது.

பூத்_ஏஜென்ட்:
நான் ஒரு கட்சிக்கு ரொம்ப வருஷமா பூத் வேலை பாக்கறவன், கட்சி பேரு வேண்டாம். வக்கீல் சார் சொன்னதெல்லாம் உள்ள நுழையற டிக்கெட். நிஜ செலவு எங்க இருக்குன்னா பூத்ல. ஒரு தொகுதில 300 பூத்னு வைங்க, பூத்துக்கு ஒரு ஆளு காலைல அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்து போய் மாதிரி ஓட்டுல உக்காந்து சாயந்தரம் சீல் வைக்கற வரைக்கும் இருக்கணும். அவருக்கு டிபன், சாப்பாடு, டீ, பைக்குக்கு பெட்ரோல்னு 500 ரூபா போட்டா கூட ஒண்ணரை லட்சம் ஒரே நாள்ல. காசை விடுங்க, 300 ஆளுங்க கிடைக்கணுமே? சுபேதார் சார் ஊரை சுத்தி ஒரு 20 பூத்ல ஆளு போடுவாரு, மீதி 280ல அவரு பேரு யாருக்கு தெரியும்? பேலட்ல பெரிய கட்சி பேரெல்லாம் முதல்ல வரும், அப்புறம் சின்ன கட்சி, சுயேச்சை எல்லாம் கடைசில. சின்னமும் மனு வாபஸ் முடிஞ்சப்புறம்தான் கைக்கு வரும், அதை ரெண்டு வாரத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு போகணும்.

2016லயும் 2021லயும் தமிழ்நாட்டுல 234ல ஒரு சுயேச்சை கூட ஜெயிக்கல, அதை மட்டும் சொல்லிடுங்க.

ரிட்டயர்டு_நாயக்:
ஆர்.கே.நகர் 2017? தினகரன் சுயேச்சைதானே, குக்கர் சின்னம்.

பூத்_ஏஜென்ட்:
அது இடைத்தேர்தல்ணே. அதோட அவரு சுயேச்சைன்னா நான் கவர்னர். சுபேதார்கிட்ட அந்த பட்டாளம் இருந்தா நானே வந்து பூத்ல உக்கார்றேன்.

நான் சொல்றது, ஊராட்சித் தலைவருக்கு நிக்கட்டும். அதுல கட்சி சின்னமே கிடையாது, ஆளைப் பாத்துத்தான் ஓட்டு. மிலிட்டரில இருந்து வந்து ஏரியை தூர்வாரி ரோடு போட்டு நல்ல பேரு எடுத்த தலைவருங்களை நான் பாத்திருக்கேன், கணக்கு வழக்கு சுத்தமா இருக்கும், என்ன ஒண்ணு காலைல ஆறு மணிக்கே குப்பை வண்டி வரலன்னு ஃபோன் பண்ணி எழுப்புவாங்க.

ஜவான்_வீட்டம்மா:
எங்க வீட்டுக்காரர் இப்ப ராஜஸ்தான் பார்டர்ல இருக்காரு. யாரும் கேக்காத ஒண்ணை நான் கேக்கறேன், சித்தப்பாவுக்கு முதல்ல ஓட்டு எங்க இருக்கு? சர்வீஸ்ல இருக்கறவங்க பேரு சொந்த ஊரு லிஸ்ட்ல கடைசி பாகத்துல சர்வீஸ் வாக்காளர்னு தனியா இருக்கும், போஸ்டல் பேலட் யூனிட்டுக்கு ஆன்லைன்ல வரும், அதை பிரிண்ட் எடுத்து டிக் பண்ணி தபால்ல அனுப்பணும். நான் கூட அந்த லிஸ்ட்லதான் இருந்தேன். மனைவிக்கு மட்டும் உண்டு கணவருக்கு கிடையாதுன்னு இருந்ததை 2021ல வாழ்க்கைத்துணைன்னு சட்டத்துல மாத்தினாங்க, அது வேற கதை. ரிட்டயர் ஆனதும் அந்த பதிவு முடிஞ்சுது, ஃபார்ம் 6 குடுத்து பொது லிஸ்ட்ல சேரணும். நிறைய பேரு அதை பண்றதே இல்ல. தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு தொகுதில வாக்காளரா இல்லன்னா இங்க சட்டமன்றத்துக்கு நிக்கவே முடியாது, மத்ததெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணும் மனசுல பட்டதை சொல்றேன். மிலிட்டரி ஓட்டு மொத்தமா விழும்னு சொல்றாரே, அந்த வீடுகள்ல ஓட்டு போடறது பெரும்பாலும் நாங்கதான், பொம்பளைங்க. வீட்டுக்காரர் யூனிட்ல இருப்பாரு. ஈசிஹெச்எஸ்ல மருந்து இல்லன்னு வெளில எழுதிக் குடுக்கறது, ஸ்பார்ஷ்ல பேரு தப்பா ஏறி விதவை அம்மாங்க பென்ஷனுக்கு அலையறது, முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்க்கு போக ரெண்டு பஸ் மாறி போறது, இதுக்கெல்லாம் கூட வந்து நின்னவரா உங்க சித்தப்பா? நின்னிருந்தா நான் ஓட்டு போடுவேன், அவரு எந்த ரேங்க்னு கூட கேக்க மாட்டேன்.

அணைக்கட்டு_பையன்:
அக்கா நீங்க சொன்னதும் ஆன்லைன்ல போட்டு பாத்தோம். சித்தி பேரு இருக்கு, என் பேரு இருக்கு, சித்தப்பா பேரு பொது லிஸ்ட்ல எங்கயும் இல்ல! ரிட்டயர் ஆனதுலருந்து ஓட்டே போடலயான்னு சித்தி கேட்டுச்சு, எலெக்‌ஷன் அன்னைக்கெல்லாம் பேங்க்ல ட்யூட்டின்னு சொல்லிட்டு போவாராம். வீட்ல இப்ப அதுதான் சண்டை. ஃபார்ம் 6 இன்னைக்கே போட்டாச்சு, சரிபாக்க பிஎல்ஓ (பூத் வாக்காளர் லிஸ்ட் அலுவலர்) வீட்டுக்கு வருவாங்களாம்.

விதவை அம்மாங்க விஷயம் கேட்டேன், எங்க தெருவுல ரெண்டு பேருக்கு ஸ்பார்ஷ் வேலை அவருதான் செஞ்சு குடுத்திருக்காரு, அது எனக்கே இப்பத்தான் தெரியும். ராஜினாமாவுக்கு மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறாரு. ஊராட்சித் தலைவர்னு சொன்னதுக்கு, நம்ம ஊராட்சி அடுத்த தடவை பெண்களுக்கு ஒதுக்கினதா போயிட்டா என்ன பண்றதுன்னு கேட்டாரு.

பூத்_ஏஜென்ட்:
போயிட்டா என்ன, சித்திய நிறுத்துங்க. ஃப்ளெக்ஸ்ல சித்தி போட்டோ பெருசா இருக்கணும், சுபேதார் ஓரமா சின்னதா, வெள்ளை சட்டைல.